இயங்குதளத்தின் மொழி, வட்டார அமைவுகளும் தமிழ் அகரவரிசையும்: சொல்லடைவு உருவாக்கத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கணினி இயங்குதளத்தின் மொழி, வட்டார அமைவுகள் திரையின் தோற்றத்தை மட்டும் சார்ந்தவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும் சொல்லடைவு, அகராதி, நூலடைவு ஆகியவற்றை உருவாக்கும் தமிழாய்வில் சொற்களின் வரிசை, எண்ணும் நாளும் பதிவாகும் முறை, பழைய கோப்புகளின் எழுத்துகள் பெயர்க்கப்படும் முறை ஆகியவற்றை இவ்வமைவுகளே உறுதிசெய்கின்றன. தமிழ் நெடுங்கணக்கிற்கும் ஒருங்குறிக் குறியெண் வரிசைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மையமாகக் கொண்டு, எந்த அமைவு எதனை ஆள்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வட்டார அமைவு, அகரவரிசை, ஒருங்குறி, சொல்லடைவு, குறியாக்கம், பதிப்பு

முன்னுரை

பதிப்பு நூல்களின் பின்னிணைப்பில் இடம்பெறும் சொல்லடைவு, முன்பு சிறு தாள்களில் எழுதிப் பெட்டிகளில் அடுக்கி உருவாக்கப்பட்டது. அடுக்கியவர் நெடுங்கணக்கை அறிந்தவர். ஐயம் எழுந்த இடத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டித் தெளிந்தவர். இன்று அப்பணி 'வரிசைப்படுத்து' என்னும் ஒரே கட்டளையாகச் சுருங்கியுள்ளது. பல்லாயிரம் சொற்கள் நொடிப்பொழுதில் வரிசையுறுகின்றன. ஆனால் எந்த வரிசை என்பதைக் கட்டளையிடுபவர் சொல்வதில்லை. நிரல், தனக்கு முன்னரே தரப்பட்டுள்ள ஓர் அமைவிலிருந்து அதனை எடுத்துக்கொள்கிறது. அந்த அமைவைப் பதிப்பாசிரியர் தெரிவுசெய்ததே இல்லை என்பதும் உண்டு.

அகராதி என்னும் சொல்லின் பொருளே அகரத்தை ஆதியாக உடைய வரிசை என்பதாகும். 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து நோக்கி வரிசைப்படுத்தியது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி அவ்வரிசையை முதலெழுத்துக்கு அப்பாலும் கொண்டுசென்றது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த பேரகராதியின் தொகுதிகளில் அது நிலைபெற்றது. இவ்வளவு நீண்ட காலம் செப்பனிடப்பட்ட ஒரு மரபு, கணினியின் ஓர் அமைவினால் மாறிவிடக்கூடும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஒரு பெயரின்கீழ் நான்கு அமைவுகள்

'மொழியும் வட்டாரமும்' என இயங்குதளங்கள் ஒரே தலைப்பில் காட்டுவன உண்மையில் வெவ்வேறான நான்கு முடிவுகள். முதலாவது இடைமுக மொழி. பட்டியல்களும் அறிவிப்புகளும் எம்மொழியில் தோன்ற வேண்டும் என்பது. இரண்டாவது வட்டார வடிவம். எண், நாள், நேரம், நாணயம், பல நிரல்களில் சொல்வரிசை ஆகியவை எம்மரபைப் பின்பற்ற வேண்டும் என்பது. மூன்றாவது உள்ளீட்டு முறை, அதாவது விசைப்பலகை. நான்காவது, ஒருங்குறியை அறியாத பழைய நிரல்கள் எந்தக் குறிப்பக்கத்தைக் கொண்டு எழுத்துகளைப் பொருள்கொள்ள வேண்டும் என்பது. விண்டோஸில் இது நிருவாக அமைவுகளுக்குள் ஆழப் புதைந்துள்ளது.

இந்நான்கும் ஒன்றையொன்று சாராதவை. இடைமுகத்தை முழுவதும் தமிழாக்கிய பின்னரும் வட்டார வடிவம் அமெரிக்க ஆங்கிலமாகவே நீடிக்கலாம். மாறாக, ஆங்கில இடைமுகத்தை வைத்துக்கொண்டே வட்டார வடிவத்தைத் தமிழாக அமைக்கலாம். தமிழ்ப்பற்றின் அடையாளமாக இடைமுகத்தை மாற்றுவோர் பலர் உளர். ஆய்வு நோக்கில் அதனால் விளையும் பயன் மிகக் குறைவு. இரண்டாவதும் நான்காவதுமே கூர்ந்து நோக்கத்தக்கவை.

வட்டார அமைவு மொழியையும் நாட்டையும் இணைத்துச் சுட்டுவது. தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு வட்டாரங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. எழுத்து ஒன்றேயாயினும் பிற மரபுகள் வேறுபடுகின்றன. இந்தியத் தமிழில் 12,34,567 எனப் பிரிக்கப்படும் எண், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழில் 1,234,567 எனப் பிரிக்கப்படும். வாரம் இந்திய அமைவில் ஞாயிற்றுக்கிழமையும் இலங்கை அமைவில் திங்கட்கிழமையும் தொடங்கும். இத்தரவுகளையெல்லாம் ஒருங்குறிக் கூட்டமைப்பு பராமரிக்கும் பொது வட்டாரத் தரவுக் களஞ்சியம் தொகுத்து வழங்குகிறது. பல இயங்குதளங்களும் நிரல்களும் அதிலிருந்தே பெறுகின்றன.

குறியெண் வரிசையும் நெடுங்கணக்கும்

ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. வரிசைப்படுத்துவதற்கான மிக எளிய வழி அவ்வெண்களை ஒப்பிடுவதாகும். வேறு விதி எதுவும் தரப்படாத நிரல் அதனையே செய்யும். தமிழைப் பொறுத்தவரை அவ்வழி பிழையான விளைவையே தரும்.

அதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய எழுத்துகளுக்கான இடங்களை இஸ்கி என்னும் இந்தியக் குறியாக்கத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றி ஒதுக்கியது. இஸ்கி எல்லா இந்திய எழுத்துமுறைகளையும் ஒரே கட்டத்தில் பொருத்தும் நோக்குடையது. தேவநாகரியின் ககரம் கட்டத்தில் எவ்விடத்தில் உள்ளதோ அதற்கு நேரான இடத்தில் தமிழ்க் ககரம் நிற்கும். தேவநாகரிக்கு இயல்பாக இல்லாத னகர, றகர, ழகரங்களுக்கு அங்கு முறையே நகர, ரகர, ளகரங்களை அடுத்துப் புள்ளியிட்ட எழுத்துகளாக இடம் தரப்பட்டிருந்தது. அவ்விடங்களே தமிழிலும் நிலைத்தன. அதனால் தமிழ்க் குறியெண்கள் தகரத்திற்குப் பின் ந, ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ எனச் செல்கின்றன. ககரம் முதல் னகரம் ஈறாக மெய்களை எண்ணும் தொல்காப்பிய மரபில் இறுதியில் நிற்கும் னகரம், இங்கே பகரத்திற்கு முன் வந்துவிடுகிறது.

விளைவை ஏழு சொற்களில் காணலாம். நெடுங்கணக்கு முறையில் அருள், அலை, அவை, அழகு, அளவு, அறம், அன்பு என நிற்க வேண்டியவை, குறியெண் முறையில் அன்பு, அருள், அறம், அலை, அளவு, அழகு, அவை என்றாகின்றன. இறுதியில் நிற்க வேண்டிய அன்பு முதலில் நிற்கிறது.

இரண்டாம் சிக்கல் புள்ளியைப் பற்றியது. ஒருங்குறியில் மெய்யெழுத்து தனி எழுத்தாக இடம்பெறவில்லை. அகரமேறிய ககரமே அடிப்படை எழுத்து. அதனுடன் புள்ளி என்னும் குறி சேர்ந்தால் ககர மெய். தமிழிலக்கணம் மெய்யுடன் உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறப்பதாகக் கூற, குறியாக்கம் உயிர்மெய்யிலிருந்து உயிரை நீக்கி மெய்யைப் பெறுகிறது. இது கொள்கை வேறுபாடு மட்டுமன்று. புள்ளியின் குறியெண் ஆகாரக் கால் முதல் ஔகாரக் குறி வரையுள்ள எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னர் வருகிறது. எனவே கண், கண்டு, கண, கணம், கணவன் எனப் பேரகராதி மரபில் நிற்கும் சொற்கள் கண, கணம், கணவன், கண், கண்டு எனத் தலைகீழாகின்றன. மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் என்னும் அகராதி நெறி முற்றிலும் மறைந்துபோகிறது.

ஆய்த எழுத்தின் நிலை விந்தையானது. அதன் குறியெண் உயிரெழுத்துகளுக்கும் முன்னர் உள்ளது. அஃகம், அஃது போன்ற சொற்களில் ஆய்தம் மெய்களுக்கு முன் வருவதே மரபாதலின், அவை தற்செயலாகத் தமக்குரிய இடத்தில் அமைகின்றன. ஃபாரன்ஹீட் என ஆய்தத்தில் தொடங்கும் இக்காலச் சொல் வந்தால் மட்டும் அது அகரத்திற்கும் முன் ஏறி அடைவின் தலையில் நிற்கும். க்ஷ என்பது ககரம், புள்ளி, ஷகரம் எனச் சேமிக்கப்படுவதால் ககரத்தின்கீழ் ஒடுங்கும். ஜகரம் சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையில் புகும்.

இப்பிழை எளிதில் கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் மொழிக்கு முதலாகும் மெய்களின் வரிசை க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ என்பது; பிறமொழிச் சொற்களால் ர, ல ஆகியன சேரும். குறியெண் வரிசையிலும் இவை இதே முறையில்தான் உள்ளன. இடம் மாறிய ற, ன, ழ, ள ஆகியவை மொழிக்கு முதலாவதில்லை. ஆகவே அடைவின் பக்கங்களைப் புரட்டித் தலைப்பெழுத்துகளை மட்டும் சரிபார்ப்பவருக்கு எல்லாம் முறையாகவே தோன்றும். பிழை இரண்டாம் எழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. முதலெழுத்து மட்டும் சரியாக நிற்கும் இந்நிலை அகராதி நிகண்டின் காலத்தை நினைவூட்டுவது. ஆனால் அந்நூல் தன் வரிசையைத் தானே தெரிந்து மேற்கொண்டது.

தேடுபவருக்கு நேரும் இடர் சிறிதன்று. அச்சிட்ட சொல்லடைவில் 'அன்பு' என்னும் சொல்லை அகரப் பகுதியின் இறுதியில் தேடிக் காணாத ஆய்வாளர், அந்நூலில் அச்சொல் பயிலவில்லை என முடிவுசெய்யலாம். ஒரு சொல் ஓர் இலக்கியத்தில் இல்லை என்னும் கூற்று காலக்கணிப்புக்கும் பாடத்தேர்வுக்கும் சான்றாகக் கொள்ளப்படும் துறையில், இடம் மாறிய சொல் விடுபட்ட சொல்லுக்கு ஒப்பானது.

தமிழ் வரிசையைத் தெரிவுசெய்யும் இடங்கள்

குறியெண் வரிசை சொல்வரிசையாகாது என்பதை ஒருங்குறிக் கூட்டமைப்பே தெளிவாகக் கூறி, வரிசையாக்கத்திற்கெனத் தனி நெறியை வகுத்துள்ளது. அதன் பொது அட்டவணையில் தமிழ் மெய்கள் நெடுங்கணக்கு முறையிலேயே உள்ளன. னகரம் தன் இறுதியிடத்தைப் பெறுகிறது. கிரந்த எழுத்துகள் அதற்குப் பின் நிற்கின்றன. ஆனால் புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னரே அமைகிறது. மெய்யை உயிர்மெய்க்கு முன் வைக்கும் விதி, வட்டாரத் தரவுக் களஞ்சியத்தில் தமிழுக்குரிய சிறப்பு விதியாகத் தனியே தரப்பட்டுள்ளது. ஆகவே நிரல்கள் தரக்கூடிய வரிசைகள் மூன்று: வெறும் குறியெண் வரிசை, பொது அட்டவணை வரிசை, தமிழ்ச் சிறப்பு விதி சேர்ந்த வரிசை.

தம் கணினியில் இவற்றுள் எது செயற்படுகிறது என்பதை அறிய நான்கு சொற்கள் போதும். அருள், அமுது, அன்பு, அம்மா ஆகியவற்றைத் தட்டச்சிட்டு வரிசைப்படுத்தினால், அன்பு முதலில் வருமாயின் அது குறியெண் வரிசை. அமுது, அம்மா, அருள், அன்பு என வருமாயின் அது பொது அட்டவணை. அம்மா, அமுது, அருள், அன்பு என வருமாயின் தமிழ் விதி செயற்படுகிறது. ஒவ்வொரு நிரலிலும் இச்சோதனையைத் தனித்தனியே செய்தல் வேண்டும். ஒரே கணினியில் இரு நிரல்கள் இரு வரிசைகளைத் தருவது இயல்பே.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் வரிசைப்படுத்தும் பெட்டியின் விருப்பங்களுக்குள் 'வரிசையாக்க மொழி' என ஒரு தெரிவு உள்ளது. பொருளடைவை உருவாக்கும் பெட்டியிலும் மொழித்தெரிவு உண்டு. லிப்ரே ஆபிஸிலும் அட்டவணை நிரலின் வரிசைப்படுத்தும் விருப்பங்களிலும் அடைவு உருவாக்கும் பெட்டியிலும் மொழியைத் தனியே குறிக்கலாம். எக்செலில் அத்தகைய தெரிவு இல்லை. அது இயங்குதளத்தின் வட்டார அமைவைச் சார்ந்தே வரிசைப்படுத்துகிறது. எனவே எக்செலில் அடைவு உருவாக்குவோர் விண்டோஸின் வட்டார வடிவத்தைத் தமிழாக மாற்றி, மேற்கூறிய சோதனையைச் செய்த பின்னரே பணியைத் தொடங்குதல் நன்று. மேக் கணினியில் மொழி, வட்டார அமைவுகளுக்குள் பட்டியல் வரிசைக்கெனத் தனித் தெரிவு உள்ளது.

லினக்ஸ் இவ்வகையில் மிகவும் தெளிவானது. இடைமுகச் செய்தி, எண், நாணயம், நேரம், சொல்வரிசை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அங்கே தனித்தனி மாறி உண்டு. ஆங்கில இடைமுகத்துடன் தமிழ்ச் சொல்வரிசையை மட்டும் கேட்டுப் பெறலாம். 'சி' என்னும் அடிப்படை வட்டாரம் அமைந்திருந்தால் குறியெண் வரிசையே கிடைக்கும்.

அமைவுகள் அனைத்தையும் செம்மையாக்கிய பின்னரும் பயனற்றுப்போகும் ஓரிடம் உள்ளது. மொழித்தரவு ஆய்வில் இன்று பெரிதும் கையாளப்படும் பைத்தான் மொழியின் வரிசைப்படுத்தும் செயற்கூறு இயங்குதளத்தின் அமைவை நோக்குவதில்லை. எப்போதும் குறியெண்ணையே ஒப்பிடுகிறது. எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளமும் வேறு ஆணை தராதவரை அவ்வாறே செய்கிறது. இணையத்தில் வெளியிடும் சொல்லடைவுகளுக்கு இவ்விரண்டும் அடித்தளமாக அமையும்போது, தமிழ் விதியைத் தரும் வரிசையாக்க நூலகத்தை நிரலாளர் வெளிப்படையாக அழைத்தாக வேண்டும். பதிப்பாசிரியர் நிரலாளரிடம் நான்கு சொற்களை நீட்டிச் சோதித்துக்கொள்வது எளிய காப்பு.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக ஏற்ற அனைத்தெழுத்துக் குறியாக்கமான டேஸ்-16, மெய்களுக்கும் உயிர்மெய்களுக்கும் நெடுங்கணக்கு முறையில் தனித்தனி எண் தருவதால் இவ்விடரிலிருந்து விடுபட்டது. ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்துள்ளமையால், பொதுவான நிரல்கள் அதனைத் தமிழ் என அடையாளம் காண்பதில்லை.

ஒரே தோற்றம், இரு சேமிப்பு

வரிசை செம்மையாக இருந்தும் ஒரே சொல் அடைவில் இருமுறை வருவதுண்டு. கொ என்பதை ஒகரக் குறி என ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம்; எகரக் கொம்பு, ஆகாரக் கால் என இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமம் என ஒருங்குறி அறிவித்துள்ளது. ஆனால் குறியெண்ணை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு அவை இரண்டு. தரவு முழுவதையும் ஒருவடிவாக்கம் செய்து இதனை நீக்கலாம்.

ஔகாரத்தின் நிலை இதனினும் கடினமானது. ஔவை என்பதில் முதலெழுத்து ஒரே குறியீடு. ஒளவை எனத் தட்டச்சிட்டால் அது ஒகரமும் ளகரமும். கண்ணுக்கு வேறுபாடு புலப்படாத எழுத்துருக்கள் உண்டு. ஒருவடிவாக்கமும் இதனைத் திருத்தாது. ஏனெனில் இவை சமமானவை அல்ல, ஒன்று எழுத்துப்பிழை. ஔவையாரின் பாடல்கள் அடைவில் ஔகாரத்தின்கீழ்ச் சிலவும் ஒகரத்தின்கீழ்ச் சிலவுமாகப் பிரிந்து நிற்க இதுவே காரணமாகும். ஸ்ரீ என்பதும் ஸகரத்தில் தொடங்கும் வடிவம், ஶகரத்தில் தொடங்கும் வடிவம் என இருவகையாகச் சேமிக்கப்படுகிறது.

எவ்வடிவம் பதிவாகும் என்பதில் விசைப்பலகைக்குப் பங்குண்டு. விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்த்தவுடன் இயல்பாகக் கிடைத்துவந்தது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் விளைவாகத் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99, பிற்பட்ட விண்டோஸ் 10 பதிப்புகளில் உடன் வந்தது. தமிழ்99இல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். இன மெய்கள் அடுத்துவரும்போதும் அவ்வாறே. இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகை வழக்கிலுள்ளது. பலர் கூடி உருவாக்கும் தரவுத் தொகுப்பில் அனைவரும் ஒரே விசைப்பலகையைப் பயன்படுத்த வேண்டும் என வலியுறுத்துவது இயலாது. தொகுத்தபின் ஒருவடிவாக்கம் செய்வதே நடைமுறைக்கு ஏற்றது.

எண்ணும் நாளும்

திருக்குறளின் எட்டாம் அதிகாரத்து ஐந்தாம் குறளை 8-5 எனக் குறிப்பது அடைவு உருவாக்குவோரிடம் இயல்பான முறை. எக்செல் அதனை நாளாகப் புரிந்துகொள்ளும். இந்திய வட்டாரத்தில் அது மே 8. அமெரிக்க வட்டாரத்தில் ஆகஸ்டு 5. அவ்வாறு மாறியபின் அறையில் சேமிக்கப்படுவது நாளைச் சுட்டும் ஒரு தொடரெண். தட்டச்சிட்ட 8-5 மறைந்துபோகிறது. இதற்கஞ்சி 8.5 எனப் புள்ளியிட்டால் அது பதின்ம எண்ணாகி, 8.10 என்பது 8.1 ஆகச் சுருங்கும். பத்தாம் குறளும் முதற்குறளும் ஒன்றாகிவிடும். தரவை இடுவதற்கு முன்னரே அந்நிரலை உரைவடிவமாக அறிவித்தல் ஏற்ற வழி. இட்டபின் அறிவிப்பதால் பயனில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதழ்களையும் கடிதங்களையும் அடைவுசெய்வோர்க்கு வேறோர் இடர் உண்டு. எக்செலின் நாட்காட்டி 1900 சனவரி 1இல் தொடங்குகிறது. 15-8-1904 நாளாக ஏற்கப்படும். 15-8-1894 வெறும் உரையாகவே நிற்கும். ஏறுவரிசையில் எண்களுக்குப் பின்னரே உரை வருமாதலால், 1894ஆம் ஆண்டுக் கடிதம் 1904ஆம் ஆண்டுக் கடிதத்திற்குப் பின்னால் செல்லும். லிப்ரே ஆபிஸின் அட்டவணை நிரல் 1900க்கு முற்பட்ட நாள்களையும் நாள்களாகவே ஏற்கிறது. ஆண்டு, மாதம், நாள் என மூன்று நிரல்களில் பிரித்துப் பதிவது எவ்வமைவிலும் பிறழாதது.

தமிழ் எண்களைக் குறித்தும் கூற வேண்டும். விண்டோஸின் வட்டார அமைவில் எண்களை அந்தந்த மொழியின் வடிவில் காட்டும் தெரிவு உள்ளது. அதனை இயக்கினால் 1934 என்பது திரையில் ௧௯௩௪ எனத் தோன்றலாம். கோப்பில் இருப்பது 1934 மட்டுமே. இத்தோற்றம் பழைய ஏடுகளின் எண்முறையும் அன்று. மரபுமுறையில் அது ௲௯௱௩௰௪. தமிழுக்கெனச் சுழியமே ஒருங்குறியில் 2005இல்தான் சேர்ந்தது. ஏட்டின் எண்களை உள்ளவாறே பதிப்பிப்பவர் இத்தெரிவை நாடாமல் அவ்வெழுத்துகளையே உள்ளிடுதல் வேண்டும். கீழ்வாய் எண்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0 தனிப்பகுதியில் 51 இடங்களை வழங்கியுள்ளது. அவற்றைக் காட்ட அப்பகுதியை உள்ளடக்கிய எழுத்துரு தேவை.

ஒருங்குறிக்கு முற்பட்ட கோப்புகள்

தமிழ் ஒருங்குறியை முதன்முதலில் தாங்கிய விண்டோஸ் பதிப்பு விண்டோஸ் 2000. எக்ஸ்பியில்கூட வட்டார அமைவுகளுக்குள் சென்று சிக்கலெழுத்து ஆதரவைத் தனியே நிறுவினால்தான் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றன. அதற்கு முன்னும், அதன் பின்னர்ப் பல்லாண்டுகளும், திஸ்கி, டாம், டாப், பாமினி எனப் பல குறியாக்கங்களில் ஆய்வேடுகளும் மூலபாடங்களும் தட்டச்சாயின. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் ஒருகாலத்தில் திஸ்கியில் நூல்களை வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. பழைய வட்டுகளில் மட்டும் எஞ்சியிருக்கும் ஆய்வேடுகளைப் பொறுத்தவரை நான்காவது அமைவு முதன்மை பெறுகிறது.

விண்டோஸில் தமிழுக்கெனப் பழைய வகைக் குறிப்பக்கம் எக்காலத்திலும் இருந்ததில்லை. திஸ்கி போன்றவை மேலை ஐரோப்பியக் குறிப்பக்கத்தின் மேற்பாதி இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திக்கொண்டவை. கணினியைப் பொறுத்தவரை அவை உச்சரிப்புக்குறி ஏந்திய இலத்தீன் எழுத்துகள். எனவே அக்கோப்புகளைத் திறக்கும்போது ஒருங்குறி சாராத நிரல்களுக்கான மொழி, மேலை ஐரோப்பியக் குறிப்பக்கத்தைத் தரும் ஆங்கிலம் போன்ற ஒன்றாக இருத்தல் வேண்டும். அங்கே வேறு குறிப்பக்கமுள்ள மொழி அமைந்திருந்தால், நகலெடுத்து ஒட்டும்போதே எழுத்துகள் வேறு எண்களுக்குப் பெயர்ந்து மாற்றிகள் பயனற்றுப்போகும். அதே பெட்டியில் உலகமொழிகளுக்கு யூடிஎஃப்-8ஐப் பயன்படுத்துமாறு கூறும் சோதனைநிலைத் தெரிவு ஒன்றும் உள்ளது. பெயரைக் கண்டு தமிழுக்கு உகந்தது எனக் கருதி அதனை இயக்குவோர்க்குத் திஸ்கி நிரல்கள் எழுத்துகளுக்கு மாறாக வினாக்குறி ஏந்திய சாய்சதுரங்களையோ வெற்றுக் கட்டங்களையோ காட்டக்கூடும். பழைய கோப்புகளை மாற்றி முடிக்கும்வரை அதனை அணைத்து வைப்பதே நன்று.

எதிர்த்திசையிலும் இதே குறை இழப்பை உண்டாக்குகிறது. எக்செல் அட்டவணையை வெறும் சிஎஸ்வியாகச் சேமித்தால், தமிழுக்குக் குறிப்பக்கம் இல்லாமையால் எழுத்து ஒவ்வொன்றும் வினாக்குறியாக மாறும். அதனை மீட்க இயலாது. யூடிஎஃப்-8 எனக் குறிக்கப்பட்ட சிஎஸ்வி வடிவத்தையே தெரிவுசெய்தல் வேண்டும். செருமானிய, பிரெஞ்சு வட்டாரங்களில் சேமித்த சிஎஸ்வியில் நிரல்களைப் பிரிப்பது காற்புள்ளியன்று, அரைப்புள்ளி. அங்குள்ள இந்தியவியல் துறைகளிலிருந்து வரும் கோப்பு இந்திய வட்டாரத்தில் திறக்கையில் ஒரே நிரலாகக் குவிவதற்கு இதுவே காரணம்.

பாமினி ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே பெரிதும் அமைந்தமையால் குறிப்பக்க மாற்றத்தால் அவ்வளவாகக் கெடுவதில்லை. அதன் சிக்கல் மாற்றியபின் வெளிப்படுவது. அதில் ஔகார உயிர்மெய்யின் பின்பகுதி ளகரத்தைக் கொண்டே எழுதப்பட்டது. மாற்றி வெளியிடும் உரையில் பௌவம், மௌவல், கௌவை ஆகிய சொற்கள் எகரக் கொம்பும் ளகரமும் கொண்டு பெளவம், மெளவல், கெளவை என நிற்கும். கொம்பும் ளகரமும் அடுத்து வரும் இடங்களையெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றுமாறு ஒரே கட்டளையில் ஆணையிடவும் இயலாது. தெளிவு, வெள்ளம், தெள்ளிய ஆகியவற்றிலும் அதே கொம்பும் அதே ளகரமும் அதே முறையில்தான் நிற்கின்றன. அவ்விணை வரும் இடங்களைத் தேடித் திரட்டி, ஒவ்வொன்றையும் பதிப்பாசிரியர் பார்த்துத் திருத்திய பின்னரே அவ்வுரையை வரிசையாக்கத்திற்கு உட்படுத்த முடியும்.